மனைப்பிரிவு வரையுமுன் மழைநீர்க் கணக்கு: சென்னைப் பெருநகரப் பகுதியில் முதன்முறையாக நிலம் மேம்படுத்துவோருக்கு

சென்னையின் புறநகரில் சில ஏக்கர் பட்டா நிலத்தை மனைகளாகப் பிரிக்கவோ, அதில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டவோ முதன்முறையாக முனைகிறவருக்கு வரும் முதல் சிரமம், மழைநீர் தொடர்பான விதிகள் ஒரே இடத்தில் எழுதிவைக்கப்பட்டிருப்பதில்லை என்பதுதான். ஒரு பகுதி 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் இருக்கிறது. இன்னொரு பகுதி நீர்வளத் துறை தரும் தடையின்மைச் சான்றின் நிபந்தனைகளில் இருக்கிறது. மற்றவை பெருந்திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்திலும், வருவாய்த் துறையின் பதிவேடுகளிலும், உள்ளாட்சி அமைப்பு சாலையையும் பூங்காவையும் ஏற்றுக்கொள்ளும்போது கேட்கும் பணிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே விதி எண்களின் வரிசையை விட்டுவிட்டு, ஒருவர் எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்ற வரிசையில் இந்தக் கட்டுரை அமைந்துள்ளது. இத்துறையில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு விதியை மீறுவதால் வீணாவதில்லை. மனைகளை முதலில் வரைந்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் வடிகாலை நுழைக்கப் பார்ப்பதால்தான் வீணாகிறது.

நிலப்பரப்பைப் பற்றிய இரண்டு உண்மைகளை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். சென்னைப் பகுதியின் ஆண்டு மழையளவு சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. இரண்டாவது, கடலை நோக்கிய சரிவு மிகக் குறைவு. முற்காலத்தில் இந்தத் தட்டையான நிலத்தில் ஓர் ஏரியின் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்து, அடுத்த ஏரியின் வரத்துக் கால்வாயாக மாறும்படி சங்கிலியாக ஏரிகளை அமைத்திருந்தார்கள். நீங்கள் வாங்கவிருக்கும் நிலம் அந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணிக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும்.

பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டிய பதிவேடுகள்

பட்டாவும் வில்லங்கச் சான்றும் உரிமையைத்தான் காட்டும், தண்ணீரைக் காட்டா. தண்ணீரைப் பற்றி அறிய, உங்கள் புல எண்ணுக்கு உரிய புலப்பட (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் படம்) நகல், அதைச் சுற்றியுள்ள எல்லாப் புல எண்களின் புலப்பட நகல்கள், ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் சொல்லும் 'அ' பதிவேட்டின் நகல், கிராம வரைபடம் ஆகிய நான்கும் தேவை. பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பார்க்க முடியும். கிராம வரைபடத்தை நில அளவைப் பிரிவில் கேட்டுப் பெறலாம். 'அ' பதிவேட்டில் பக்கத்து எண்களுக்கு எதிரே ஏரி, குட்டை, தாங்கல், ஓடை, வாய்க்கால் என்று ஏதேனும் வகைப்பாடு எழுதப்பட்டிருந்தால், அது இன்று களத்தில் மேடாகவோ சாலையாகவோ கண்ணுக்குத் தெரிந்தாலும் ஆவணப்படி நீர்நிலைதான். அதைத் தரகர் 'அது எப்போதோ தூர்ந்துவிட்டது' என்று சொல்வது உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

புலப்படத்தை விரித்துப் பார்க்கும்போது, இரண்டு மெல்லிய இணைகோடுகள் உங்கள் புலத்தின் ஓரமாகவோ குறுக்காகவோ ஓடுகின்றனவா என்று தேடுங்கள். அந்தக் கோடுகளுக்கு இடையே குறிக்கப்பட்டுள்ள அளவுதான் வாய்க்காலின் சட்டப்படியான அகலம். களத்தில் இரண்டடிப் பள்ளமாகக் கிடப்பது படத்தில் ஐந்து மீட்டராக இருப்பது அபூர்வமன்று. அந்த ஐந்து மீட்டரையும் விட்டுத்தான் உங்கள் எல்லை தொடங்குகிறது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்னும் நிலப் பதிவேட்டு மேம்பாட்டுப் பணிக்கு முந்தைய பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வகைப்பாடு மாறியதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போகும்போது பழைய பதிவேடுதான் முதலில் கேட்கப்படுகிறது.

தனியாக எச்சரிக்க வேண்டியது ஏரியின் உள்வாயில் (நீர் பரவும் உட்பகுதியில்) இருக்கும் பட்டா நிலம். ஏரி நிரம்பினால் மூழ்கும், வற்றினால் பயிர் வைக்கலாம் என்ற நிலையில் பல ஊர்களில் இத்தகைய நிலங்கள் தனியார் பெயரில் இருக்கின்றன. பட்டா உண்மையானதாகவே இருக்கும். விலையும் பக்கத்து நிலத்தைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தில் மனைப்பிரிவுக்குத் தடையின்மைச் சான்று கிடைக்கும் என்று நம்பி முன்பணம் கொடுப்பது சூதாட்டத்துக்குச் சமம். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளின் எல்லையை அளந்து அறிவிக்கவும், ஆக்கிரமிப்பை அகற்றவும் அதிகாரம் தருகிறது. அதேபோல், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் கொண்டுவரப்பட்ட விதிகளும் நீர்நிலையில் அமைந்த மனைகளுக்குப் பொருந்துவதில்லை. 'பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்' என்ற ஆலோசனை இந்த ஓர் இடத்தில் முழுப் பொய்.

இந்த நிலத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டா

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது பெருந்திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி தனியாக வரையறுக்கப்பட்டு, அங்கே என்ன கட்டலாம் என்பது சுருக்கப்பட்டுள்ளது. தென்சென்னைக் கடற்கரையில், பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை முதலிய பகுதிகள் நிலத்தடி நீர் ஊறும் மணற்பரப்பு என்பதால், அங்கும் கட்டிடப் பரப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. ஓதநீர் ஏறி இறங்கும் கழிமுகங்கள், கால்வாய்ப் பகுதிகள் ஆகியவற்றின் ஓரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை குறுக்கே வரும்.

பள்ளிக்கரணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. 2022-இல் அது ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2025-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி வழங்குவதை, தாக்கப் பகுதி அறிவியல்முறையில் வரையறுக்கப்படும் வரை நிறுத்திவைக்கச் சொன்னது. வழக்குகள் தொடர்வதால், வேளச்சேரி, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பகுதிகளில் நிலம் பார்ப்பவர் ஒப்பந்தம் எழுதும் வாரத்தில் உள்ள நிலையைக் குழுமத்திலேயே எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுவது அவசியம்.

கட்டப்படும் மொத்தப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் மழைநீர் மேலாண்மைத் திட்டம் கட்டாய அங்கம். சிறிய திட்டங்களுக்கு இது பொருந்தாது என்பதால் இங்கே இதை விரிக்கவில்லை.

மட்டம் எடுத்தல்

இனி அளவைக்காரரை அழைக்கலாம். எல்லை அளந்து கல் நடுவது மட்டும் போதாது. சராசரிக் கடல் மட்டத்தோடு இணைக்கப்பட்ட சமமட்ட வரைபடம் வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பல அளவைக்காரர்கள் தெருவிலுள்ள ஏதோ ஒரு கல்லை 100.00 என்று வைத்துக்கொண்டு மட்டம் எடுத்துத் தருவார்கள். அப்படி எடுத்த படம் உங்கள் கட்டுமானத்துக்கு உதவும். ஆனால் ஏரியின் கலங்கல் மட்டமோ, கால்வாயின் வெள்ள மட்டமோ கடல் மட்டக் கணக்கில் இருப்பதால், நீர்வளத் துறையின் முன் அந்தப் படத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. இந்தியப் பெரும் முக்கோண அளவைக்குரிய நிலைமட்டக் குறியிலிருந்து மட்டத்தைக் கொண்டுவந்து, நிலத்தில் நிரந்தரமான ஓர் இடத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

சமமட்டக் கோடுகளின் இடைவெளி கால் மீட்டர் அளவில் இருந்தால்தான் இந்தத் தட்டையான ஊரில் ஏதாவது தெரியும். நிலத்துக்குள் மட்டும் நின்றுவிடாமல், நான்கு புறமும் பக்கத்து நிலங்களின் மட்டம், எதிரிலுள்ள சாலையின் நடுக்கோட்டு மட்டம், அருகிலுள்ள வடிகாலின் மேல்மட்டமும் அடிமட்டமும், தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் கால்வாயின் படுகை மட்டம் ஆகியவை படத்தில் இடம்பெற வேண்டும். வாய்ப்பிருந்தால் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் நிலத்துக்குப் போய்ப் பாருங்கள். எந்த மூலையிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளின் சுவரில் படிந்த சேற்றுக் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்து, அதற்கும் மட்டம் எடுக்கச் சொன்னால், பல பக்கக் கணக்குகள் தராத தகவல் ஒரு கோட்டில் கிடைத்துவிடும்.

நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று

நிலம் நீர்நிலைக்கு அருகிலோ தாழ்ந்த பகுதியிலோ இருந்தால், வெள்ள மூழ்கல் நோக்கில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைக் குழுமம் கேட்கும். திட்ட அனுமதி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அவர்கள் கேட்ட பிறகு இதற்கு அலைவதைவிட, மனைப்பிரிவின் முதல் வரைவு தயாரானதுமே தொடங்குவது காலத்தை மிச்சப்படுத்தும். உரிமை ஆவணங்கள், புலப்படங்கள், 'அ' பதிவேட்டு நகல், கடல் மட்டத்தோடு இணைந்த சமமட்ட வரைபடம், உத்தேச மனைப்பிரிவு வரைபடம், வடிகால் திட்டம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். களப் பொறியாளர்கள் நேரில் வந்து பார்த்து அறிக்கை தருவார்கள்; அது படிப்படியாக மேலே சென்று, தலைமைப் பொறியாளர் அளவில் முடிவாகும். ஆய்வுக்கு வரும் நாளில் எல்லைக் கற்களும், வாய்க்காலின் இரு கரைகளும் முட்செடி வெட்டிக் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். புதருக்குள் மறைந்த வாய்க்கால் சந்தேகத்தை வளர்க்கும்; இரண்டாவது ஆய்வுக்கும் வழிவைக்கும்.

சான்று வரும்போது அது 'ஆட்சேபணை இல்லை' என்ற ஒற்றை வரியாக வராது. நிபந்தனைகளின் பட்டியலாக வரும். வழக்கமாக அதில் இருப்பவை இவை: நிலத்தை இன்ன கடல் மட்ட உயரம் வரை, நல்ல மண்ணைப் படலம் படலமாகக் கொட்டி இறுக்கி உயர்த்த வேண்டும், உட்புறச் சாலைகளிலும் எல்லை ஓரத்திலும் மழைநீர் வடிகால் அமைத்து, குறிப்பிட்ட கால்வாயில் இணைக்க வேண்டும், வாய்க்காலின் அகலத்தைக் குறைக்கவோ திசை மாற்றவோ கூடாது, கழிவுநீரையும் கட்டிட இடிபாடுகளையும் அதில் விடக் கூடாது, மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் திட்ட அனுமதியின் பகுதியாகிவிடுகின்றன. சான்றை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு ஒப்பந்ததாரருக்கு அதன் நகலைக் கொடுக்காமல் விடுவது பரவலான வழக்கம். நிபந்தனைகளைத் தமிழில் எழுதிக் களத்துக் கொட்டகையில் ஒட்டிவைப்பதற்குச் செலவில்லை.

உங்கள் நிலத்துக்குப் போக ஒரு வாய்க்காலைக் கடக்க வேண்டியிருந்தால், அதன்மேல் சிறுபாலம் கட்டுவதற்கும் தனி அனுமதி தேவை. இரண்டு சிமெண்ட் குழாய்களைப் போட்டு மேலே மண் தள்ளுவது எளிது. அடுத்த மழையில் அந்தக் குழாய்வாயில் பிளாஸ்டிக்கும் ஆகாயத் தாமரையும் அடைத்துக்கொண்டு, மேற்புறத்து வயல்கள் முழுகும்போது புகார் உங்கள் பெயரில்தான் வரும். வாய்க்காலின் முழு அகலத்துக்கும் நடுவில் தடையில்லாத பெட்டி வடிவப் பாலமே பொருத்தமானது. அணுகுபாதையே அந்தப் பாலம்தான் என்றால், அதற்கான அனுமதி கிடைக்கும் என்பது உறுதியாகும் வரை நிலத்தின் கிரயத்தை முடிக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

நிலத்தை உயர்த்துவது பற்றி இன்னும் சில சொற்கள். உயர்த்தச் சொல்வது உங்கள் மனைகள் மூழ்காமல் இருப்பதற்காக. ஆனால் இதுவரை மேட்டு நிலத்துக்காரரின் மழைநீர் உங்கள் நிலத்தின் மேல்பரப்பில் பரவிப் போய்க்கொண்டிருந்தால், நீங்கள் போடும் மண் அதற்கு அணையாகிவிடும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் நீர் தாழ்ந்த நிலத்தின் வழியாக இயல்பாக ஓட விடப்பட வேண்டும் என்பதை மேட்டு நிலத்துக்காரரின் உரிமையாகவே எடுத்துக்காட்டுகிறது. அதனால் மண் அடிக்கத் தொடங்குமுன், மேற்புற எல்லை நெடுகிலும் பக்கத்து நிலத்து நீரை வாங்கிச் சுற்றிக் கொண்டுபோகும் எல்லை வடிகாலை முதலில் வெட்டி முடித்துவிட வேண்டும். சவுடு லாரிகள் மார்ச்சில் வந்துவிட்டு, வடிகால் வேலை 'மழைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடப்படும் இடங்களில்தான், நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரையோடு வந்து மதிற்சுவரில் ஓட்டை போடுகிறார்கள். அவர்கள் மீது குறை சொல்லவும் முடியாது.

வடிகாலின் அளவும், அது போய்ச் சேரும் இடமும்

வடிகாலின் அளவை அனுமானத்தில் தீர்மானிக்க வேண்டியதில்லை. சிறிய பரப்புகளுக்கு ஓர் எளிய கணக்கு போதும்: ஹெக்டேரில் பரப்பு, மணிக்கு மில்லிமீட்டரில் மழையின் தீவிரம், வழிந்தோடும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்பது கிடைக்கும். மழையின் தீவிரத்தையும் விகிதத்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேட்டைப் பொறியாளர்கள் பின்பற்றுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 4 ஹெக்டேர் புஞ்சை நிலம். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை. நிலம் வெறும் மண்ணாக இருக்கும்போது பத்தில் மூன்று பங்கு நீர் வழிந்தோடுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 0.20 கன மீட்டர் வெளியேறும். சாலையும் கூரையும் சிமெண்ட் தளமும் வந்த பிறகு பத்தில் ஏழு பங்கு வழிந்தோடும் என்றால், அது 0.47 கன மீட்டராகிறது. இரு மடங்குக்கும் மேல். ஒரு மணி நேரத்தில் கூடுதலாக வெளியேறுவது 960 கன மீட்டர், அதாவது 9,60,000 லிட்டர். எவ்வளவு நேர்த்தியான வடிகால் கட்டினாலும், இந்தக் கூடுதல் நீரைக் கீழே இருப்பவருக்கு வேகமாக அனுப்பிவைப்பதைத்தான் அது செய்யும். குறைப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்த 0.47 கன மீட்டரை நொடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் கொண்டுபோக, 75 சென்டிமீட்டர் அகலமும் 70 சென்டிமீட்டர் நீராழமும் கொண்ட கான்கிரீட் வடிகால் போதும். அதற்கு ஏறத்தாழ 840-க்கு 1 என்ற சரிவு தேவை. வடிகாலின் நீளம் 300 மீட்டர் என்றால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அடிமட்டம் 36 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நீராழத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் இடைவெளியும் விட்டால், சமதளமான நிலத்தில் வடிகால் முடியும் இடத்தில் அதன் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழத்தில் இருக்கும். இப்போது உங்கள் சமமட்ட வரைபடத்தை எடுத்து, அது சேர வேண்டிய தெரு வடிகாலின் அடிமட்டத்தைப் பாருங்கள். அது தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது என்றால், உங்கள் வடிகாலின் அடிப்புற 40 சென்டிமீட்டரில் உள்ள நீர் எங்கும் போகாது, கொசுதான் வளரும். அலுவலகத்தில் வரைபடத்தின் மீது ஓர் அம்புக்குறி போட்டு 'தெரு வடிகாலுக்கு' என்று எழுதுவது, இந்த ஒப்பீட்டைச் செய்யாதவர்களின் அடையாளம்.

படுகை மட்டம் பொருந்தினாலும் இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. சேருமிடத்துக் கால்வாய் வெள்ளத்தில் நிரம்பி ஓடும்போது அதன் நீர்மட்டம் உங்கள் வடிகாலின் வாயைவிட உயர்ந்திருந்தால், நீர் திரும்பி உள்ளே வரும். கடலுக்கு அருகிலுள்ள பகுதிகளில் ஓதம் ஏறும் நேரத்திலும் இதுவே நடக்கும். அத்தகைய இடங்களில் ஒருவழித் தடுப்புக் கதவு வைப்பதோடு, அந்தக் கதவு மூடியிருக்கும் சில மணி நேரத்துக்கு உள்ளே விழும் மழையைத் தாங்கிவைக்க ஒரு குளமோ தாழ்ந்த பூங்காவோ இருக்க வேண்டும். மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்பது கடைசி வழி. பெருமழையின்போது முதலில் நிற்பது மின்சாரம்தான்.

உள்ளாட்சி வடிகாலில் இணைக்க அந்த அமைப்பின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். மழைநீர் வடிகாலில் கழிவுநீரை விடுவதும், கழிவுநீர்க் குழாயில் மொட்டைமாடி நீரை விடுவதும் இரண்டுமே குற்றம். முன்னதற்கு இணைப்பைத் துண்டித்து அபராதமும் விதிக்கிறார்கள். பாதாளச் சாக்கடை இன்னும் வராத புறநகரில் 'தற்காலிகமாக' வடிகாலில் கழிவுநீரைத் திருப்பும் வழக்கத்தை உங்கள் மனைப்பிரிவில் தொடங்கிவைக்காதீர்கள்.

திறந்தவெளி ஒதுக்கீட்டை எங்கே வைப்பது

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பை (நிலத்துக்கு அரசு நிர்ணயித்த விலை) செலுத்தும் வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் நிலத்தைத்தான் தர வேண்டும். இந்த இடத்தைத் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். விற்பனைக்கு ஆகாத கோணல் மூலையைத் தேடி இதற்கு ஒதுக்குவது மனை வியாபாரத்தின் பழைய பழக்கம். மழைநீர்க் கணக்கோடு பார்த்தால், நிலத்தின் தாழ்ந்த பகுதியில், வடிகால் வெளியேறும் இடத்துக்குச் சற்று முன்பாக, சாலையைத் தொட்டபடி அது அமைவதே ஆதாயமானது.

மேற்சொன்ன 4 ஹெக்டேர் நிலத்தில் சாலைக்கு ஒரு ஹெக்டேர் போனால், மிஞ்சியதில் 10 விழுக்காடு 3,000 சதுர மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கைச் சராசரியாக ஒரு மீட்டர் தாழ்த்தினாலே, கூடுதலாக வெளியேறும் அந்த 960 கன மீட்டரைச் சில மணி நேரம் பிடித்துவைக்கலாம். மற்ற நாட்களில் அது பிள்ளைகள் விளையாடும் புல்வெளி. சென்னை மாநகராட்சியே தன் பூங்காக்களில் மழைநீரை உறிஞ்சும் இத்தகைய பஞ்சுப் பூங்காக்களை அமைத்துவருகிறது. ஆனால் ஒப்படைத்தபின் அது பொதுச் சொத்து என்பதால், தாழ்த்துவதற்கான வரைபடத்தைக் காட்டி உள்ளாட்சியின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். கரையின் சரிவும் பிள்ளைகள் ஏறி இறங்கும்படி மென்மையாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மனைக்குள்ளும்

தமிழகத்தில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீடுகளுக்கு 2024 முதல் சுயசான்றின் அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அனுமதி எளிதானதால் இந்தக் கடமை நீங்கிவிடவில்லை. விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் குறைந்தபட்ச அமைப்பு இது: அடித்தளத்தைச் சுற்றி 3 மீட்டருக்கு ஒன்றாக, 30 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள குழிகள், அவற்றில் 2.75 மீட்டர் வரை உடைந்த செங்கல். மேலே துளையிட்ட கான்கிரீட் மூடி. வாயிற்கதவின் குறுக்கே, மழைநீர் தெருவுக்கு ஓடாதபடி 7.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சிறு தடுப்பு. இந்தத் தடுப்பைத்தான் கார் ஏற இடைஞ்சல் என்று முதலில் இடித்துவிடுகிறார்கள்.

இந்தக் குழிகளை மட்டும் நம்ப முடியுமா என்பது மண்ணைப் பொறுத்தது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 5,000 லிட்டர். ஒரு குழியின் முழுக் கொள்ளளவே 212 லிட்டர், செங்கல் நிரப்பிய பிறகு அதில் பாதிகூட இராது. திருவான்மியூர் மணலில் அது விழ விழ உறிஞ்சப்படுவதால் கவலையில்லை. வேளச்சேரியின் களிமண்ணில் முதல் கால் மணி நேரத்திலேயே குழி நிரம்பி வழியும். களிமண் பகுதியில், களிப்படலத்தைத் தாண்டி மணலைத் தொடும் ஆழத்துக்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணறு இறக்குவதும், மொட்டைமாடி நீரை வடிகட்டித் தரையடித் தொட்டியில் சேமிப்பதும்தான் உண்மையில் பயன்படும். நிலத்தில் பழைய பாசனக் கிணறு இருந்தால் அதைத் தூர்த்துவிடாமல், பூங்காவுக்குள் வரும்படி மனைகளை வரைந்துகொள்ளுங்கள். எந்த நிலையிலும் வடிகட்டாத நீரை நேராக ஆழ்துளைக் கிணற்றில் விடக் கூடாது.

தரைமட்டத்தைத் தீர்மானிக்கும்போது எதிரிலுள்ள சாலையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். சாலை மறுபடி மறுபடி போடப்பட்டு உயரும். நீர்வளத் துறை குறிப்பிட்ட கடல் மட்ட உயரத்தையும், அளவைக்காரர் நிலத்தில் குறித்துவைத்த நிலைமட்டத்தையும் கொண்டே வீட்டின் தரையைத் தீர்மானிக்க வேண்டும். தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் தளம் இருந்தால், அதன் சாய்தளம் தொடங்குமிடத்தில் ஒரு மேட்டை ஏற்றி இறக்குவதும், கீழே நீர் சேரும் குழியும் தனி மின் ஏற்பாட்டோடு மோட்டாரும் வைப்பதும் தவிர்க்க முடியாதவை.

பணி முடித்து ஒப்படைத்தல்

மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் கிடைத்த பிறகு, சாலைகளையும் பூங்காவையும் தானப் பத்திரத்தின் மூலம் ஒப்படைத்து, உள்ளாட்சி கேட்கும் தரத்தில் சாலை, வடிகால், சிறுபாலம் ஆகியவற்றை அமைத்துக் கொடுக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், விற்பனை விளம்பரத்துக்கு முன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் விளம்பரத்தில் காட்டும் வடிகாலும் குளமும் அங்கே தாக்கல் செய்த வரைபடத்தோடு ஒத்திருக்க வேண்டும். பணி நிறைவுச் சான்று தேவைப்படும் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு நேரில் பார்க்கப்படும். குழிகளைத் தோண்டும்போதே, மூடுவதற்கு முன் அளவுகோலோடு படம் எடுத்துவைத்தால் பின்னால் மூடியைப் பெயர்க்க வேண்டியிராது.

வடிகால் கட்டி முடித்ததும், சாலைக்குத் தார் போடுமுன், தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்து மேல்முனையில் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறது என்பது உடனே தெரிந்துவிடும். அந்த நிலையில் சரிசெய்யக் கொத்தனாரின் ஒரு நாள் கூலி போதும். பிறகு, கட்டி முடித்த நிலையில் வடிகாலின் ஒவ்வொரு திருப்பத்திலும் அடிமட்டத்தை மறுபடி அளந்து, ஒரு வரைபடமாக்கி, அதன் நகல்களை உள்ளாட்சிப் பொறியாளருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒப்புகை பெற்றுக் கொடுங்கள். எல்லை வடிகால் தனி மனைகளின் பின்புறமாகப் போகிறது என்றால், அந்தப் பட்டையில் சுவர் எழுப்பவோ மூடவோ கூடாது, செப்டம்பரில் தூர்வாரச் சங்கத்தின் ஆட்களை உள்ளே விட வேண்டும் என்ற உறுதிமொழியை அந்த மனைகளின் கிரயப் பத்திரத்திலேயே எழுதிச் சேர்த்துவிட வேண்டும். பத்திரம் பதிவான பிறகு இதை வாய்மொழியாகக் கேட்டு வாங்கியவர்கள் யாரும் இல்லை.